கேட்டால்தான் சொல்வார் லெம் ஹக்கபி

லெம் ஹக்கபி பொய் சொல்ல மாட்டார். பிளம் ஃபோர்க் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள், ஏனென்றால் மனிதர் உண்மையையும் லேசில் சொல்ல மாட்டார்.

அவர் கோவேறு கழுதை விற்பவர். மிசௌரி மாநிலத்தில் கழுதை வியாபாரத்துக்கென்று ஒரு நியாயம் உண்டு. வாங்க வந்தவன் நேருக்கு நேர் ஒன்றைக் கேட்டால், விற்கிறவன் உள்ளதை உள்ளபடி சொல்லியே தீர வேண்டும். அதில் பிசகினால் அவனோடு யாரும் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கை மாற்ற மாட்டார்கள். ஆனால் கேட்காததைச் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

இந்த நியாயத்தில் அடிபட்டவர்களில் முதல் ஆள் தீவனக் கடை ஓரின் டாக்கெட். அவர் லெம்மிடம் ஒரு பழுப்புக் கழுதை வாங்கினார். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பல் எப்படி என்று கேட்டார், குளம்பு எப்படி என்று கேட்டார், உதைக்குமா, கடிக்குமா, இடி இடித்தால் மிரளுமா, எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் லெம் ஒளிக்காமல் பதில் சொன்னார். திருப்தியாக ஓட்டிக்கொண்டு போன ஓரின், முக்கால் மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். அவர் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஓடை. அந்தக் கழுதை ஓடையின் நடுவில் போனதும், கோயிலுக்கு வந்த கிழவி மாதிரி நிதானமாகப் படுத்துவிட்டதாம்.

"தண்ணியைக் கண்டா படுத்துக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்தினார் ஓரின்.

"நீ கேக்கலையேப்பா," என்றார் லெம். "பல்லைக் கேட்ட, சொன்னேன். குளம்பைக் கேட்ட, சொன்னேன். ஓடையைப் பத்தி நீ வாயே தொறக்கல."

ஊரே கூடி விசாரித்து, லெம் பேரில் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஓரின் டாக்கெட் எதை வாங்கினாலும் கேள்வி கேட்டே துளைத்து எடுப்பார். அரை டஜன் முட்டை வாங்கினால்கூடக் கோழிக்கு எத்தனை வயது என்று கேட்டுக்கொண்டுதான் கையை நீட்டுவார்.

லெம்முக்கு இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் அப்பா உள்நாட்டுப் போருக்கு இரண்டு கையோடு போய் ஒரு கையோடு திரும்பியவர். எந்தப் பக்கத்துக்காகச் சண்டை போட்டார் என்று சாகும்வரை சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே தெருவில் குடியிருந்ததால், யாரும் நேராகக் கேட்கவும் இல்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவர் ஒவ்வொரு காலையும் பட்ட பாட்டைப் பிள்ளையாக இருந்து பார்த்தவர் லெம். அதனால் போர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

அவருக்கு ஒரே மகன். பெயர் கிளெல். அவனுக்கு முன்னே பிறந்த இரண்டும் தொட்டிலோடு போய்விட்டன. மிஞ்சியவன் ஆறடிக்கு மேல் வளர்ந்தான். மனிதர்களிடம் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைதான் பேசுவான், கழுதைகளிடம் நாள் முழுக்கப் பேசுவான். ஐரோப்பாவில் சண்டை மூண்ட வருஷம் அவனுக்குப் பதினெட்டு வயது. செய்தி வந்த அன்றே லெம், ஓரின் கடையில் நாலு பேர் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

"அது அவங்க குடும்பச் சண்டை. அங்க இருக்கிற ராஜாக்கள்லாம் சித்தப்பன் மவன், பெரியப்பன் மவன். நடுவுல வெளியாள் போனா ரெண்டு பக்கமும் சேர்ந்து அவனைத்தான் மொத்துவாங்க. என் வீட்டிலேர்ந்து ஒரு ஈ, எறும்புகூடப் போகாது. என் பையன் போகவே மாட்டான். எழுதி வச்சுக்குங்க."

எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் அன்றைக்கு அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நமக்கெதுக்கு வம்பு என்று சொல்லிவிட்டு அவரவர் சோளத்தை அறுக்கப் போனார்கள்.

சோளம் களத்துக்கு வருவதற்குள் ஆங்கிலேய ராணுவத்து கேப்டன் விட்டிங்ஹாம் எங்கள் ஊர் ரயிலடியில் வந்து இறங்கினார். பீரங்கி இழுக்கக் கழுதை வேண்டுமாம். ஒன்று இரண்டு அல்ல, மாதத்துக்கு நானூறு. அவர் சொன்ன விலையைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். லெம்மும் முப்பது கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று மதியச் சாப்பாட்டில் ஜெரெல்டா சோள ரொட்டியை நறுக்கென்று தட்டில் வைத்தாள். லெம்மின் மனைவி. எடை குறைவான பெண்மணி, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம் இருக்கும்.

"போருக்கு ஒரு ஈ, எறும்புகூடப் போகாதுன்ன. இப்ப முப்பது கழுதை போயிருக்கே?"

"விக்கிறது வேற, சண்டை போடுறது வேற, ஜெரெல்டா."

"அது அங்க போய் என்ன பண்ணும்? உருளைக்கிழங்குத் தோட்டமா உழும்?"

"அதை அந்தாளு சொல்லல. நானும் கேக்கல."

ஜெரெல்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விற்கிறவனுக்கான நியாயத்தை வாங்குகிறவனுக்கும் இவர் பொருத்திவிட்டாரே என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

கேப்டனுக்கோ பெரிய தலைவலி. கழுதைகளை வாங்கிவிட்டார், சில நாள் கழித்து ரயில் வந்தபோது பெட்டியில் ஏற்றத் தெரியவில்லை. சாய்தளத்தின் அடியில் வந்ததும் முதல் கழுதை நின்றது. அதைப் பார்த்து நானூறும் நின்றன. சிப்பாய்கள் முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள், ஆங்கிலத்தில் கெஞ்சினார்கள், இந்தியாவிலிருந்து கற்றுக்கொண்டு வந்த வசவுகளையும் பயன்படுத்தினார்கள். மதியத்துக்குள் மூன்று சிப்பாய்களுக்கு விலா எலும்பில் அடி. ஏறிய கழுதை ஒன்றுகூட இல்லை. ஊர் ஜனம் வேலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பார்த்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் கேப்டன் வேர்த்து விறுவிறுத்து லெம்மிடம் வந்தார். "மிஸ்டர் ஹக்கபி, தயவுசெய்து சொல்லுங்கள். இந்தப் பிராணிகளை ஏற்ற ஏதாவது வழி இருக்கிறதா?"

"இருக்கு," என்றார் லெம்.

"காலையிலிருந்து இருந்ததா?"

"இருந்துச்சு."

கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதே என்று கேப்டன் விழித்தார். லெம் வீட்டுக்குப் போய் தெலீலாளைக் கூட்டி வந்தார். தெலீலாள் ஒரு வெள்ளைப் பெண்குதிரை. கழுத்தில் பித்தளை மணி. கோவேறு கழுதைக்கு அப்பன் கழுதை, ஆத்தா குதிரை. எத்தனை வயதானாலும் அதற்கு மணி கட்டிய குதிரைமீது ஒரு மயக்கம். அது போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகும், நரகமாக இருந்தாலும் சரி. தெலீலாள் சாய்தளத்தில் ஏறி, ரயில் பெட்டிக்குள் ஒரு வாசல் வழியாக நுழைந்து, எதிர்ப்பக்கத்து வாசல் வழியாக இறங்கிவிடும். அது இறங்கியதும் அந்தக் கதவைச் சாத்திவிடுவார்கள். இறங்கிய இடத்தில் ஒரு ஆப்பிளோடு கிளெல் நிற்பான். அவ்வளவுதான் வித்தை. உள்ளே நுழைந்த கழுதைகள் மணிச்சத்தம் எங்கே போயிற்று என்று திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும்போது ரயில் நகர்ந்துவிடும். பைபிள் தெரிந்த ஜெரெல்டாதான் அந்தக் குதிரைக்கு அந்தப் பெயரை வைத்தாள். நம்பி மயங்கியவனைப் பிடித்துக்கொடுத்தவளின் பெயர் அது.

நாற்பது நிமிஷத்தில் நானூறு கழுதைகளும் ஏறிவிட்டன. கேப்டனின் ஒற்றைக்கண் கண்ணாடி கழன்று மார்பில் தொங்கியது. அன்றே லெம்மை வேலைக்கு அமர்த்திக்கொண்டார், இனி எந்த ரயிலானாலும் ஏற்றுவது இவர்தான் என்று.

"ஏத்துறது வேற, சண்டை போடுறது வேற," என்றார் லெம் வீட்டுக்கு வந்து. ஜெரெல்டா எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் லெம் கறாராக இருந்தார். கடல் தாண்டிக் கழுதைகளோடு போக ஆட்கள் வேண்டும் என்று ரயிலடியில் ஒரு ஏஜென்ட் எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பான். கழுதை தெரிந்த பையன்களைப் பார்த்தால் சுருட்டை நீட்டி, தோளில் கைபோட்டு, ஊர் உலகம் சுற்றலாம் என்பான். அதனால் கிளெல் எக்காரணம் கொண்டும் ரயில் பெட்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது லெம்மின் உத்தரவு. அவன் வேலை மறுபக்கம் ஆப்பிளோடு தரையில் நிற்பது மட்டும்.

ஏஜென்ட் ஒருமுறை விடாப்பிடியாக நின்றபோது லெம் அவனைத் துரத்துவதற்காகச் சொன்ன வார்த்தைதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது. "இவனைக் கூட்டிட்டுப் போய் என்னய்யா பண்ணுவே? இங்க மனுஷனுக்கு வேலையே கிடையாது. எல்லாம் தெலீலாள் பாத்துக்கும். நானும் என் மவனும் சும்மா ஆப்பிள் தின்னுட்டு நிக்கிறோம்."

அது ஊர் சிரித்த வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. லெம்முக்கும் பிடித்துப்போய்விட்டது. மூன்று வருஷமாக ஓரின் கடையில், தேவாலய விருந்தில், முடி வெட்டுகிற இடத்தில் அதையே சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். குதிரையின் புத்திசாலித்தனத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மனிதருக்கு நிறுத்தத் தெரியாது.

மறு வருஷம் கோடையில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கழுதை ஏற்றிப்போன கப்பல் ஒன்றை ஜெர்மன் நீர்மூழ்கி முக்கிவிட்டதாம். அதுவரை ராஜா செத்தான், நகரம் எரிந்தது என்றெல்லாம் வந்த செய்திகளைப் படித்துவிட்டு அதிலேயே மீன் மடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊருக்கு அன்று ரத்தம் கொதித்தது. "நம்ம கழுதைங்கப்பா!" என்றான் முடி வெட்டுகிறவன், கத்தியைக் காற்றில் வீசி. நாற்காலியில் இருந்தவர் பாதி சோப்போடு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓரின் டாக்கெட்தான் எல்லோரையும்விட இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழுப்புக் கழுதையை அவர் ஆங்கிலேயர் தலையில் கட்டியிருந்தார். "அந்தாளு பல்லைக் கேட்டான், குளம்பைக் கேட்டான். தண்ணியைப் பத்திக் கேக்கல. ஓடையே தாண்டாததைக் கடலுக்கு அனுப்பிட்டேனே லெம்," என்று மூக்கை உறிஞ்சினார். லெம் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

அப்படித்தான் ஊரின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. யாரும் ஒரு நாளில் மாறவில்லை. முதலில் "அவங்க சண்டை" என்றார்கள். பிறகு "அவங்க சண்டைதான், ஆனாலும்" என்றார்கள். அந்த ஆனாலும் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போயிற்று. ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன, தெலீலாள் ஒரு வாசலில் ஏறி மறு வாசலில் இறங்கிக்கொண்டே இருந்தது.

தேர்தல் வந்தது. நம்மைப் போரில் சேராமல் காத்தவர் என்று சொல்லித்தான் ஜனாதிபதிக்கு ஓட்டுக் கேட்டார்கள். லெம் விடியற்காலையிலேயே போய் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார். அதோடு கவலை தீர்ந்தது என்று கிளெல்லுக்குப் புதுக் காலணிகூட வாங்கிக் கொடுத்தார். சரியாக ஐந்து மாதம். ஏப்ரலில் போர் அறிவித்துவிட்டார்கள். கிளெல்லுக்கு இருபத்தொன்று முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"என்னா அநியாயம் இது!" என்று பேப்பரை மேஜையில் அடித்தார் லெம். "சேராம காத்தவர்னு சொல்லித்தானே ஓட்டு வாங்குனாங்க?"

"காத்தவர்னுதான் சொன்னாங்க," என்றாள் ஜெரெல்டா, அவரைக்காயின் நாரை உரித்துக்கொண்டே. "இனிமே என்ன செய்வீங்கன்னு நீ நேரா கேட்டியா?"

நாற்பது வருஷம் ஊராரின் தலையில் கழுதை கட்டியவருக்கு, ஒரு நாடே சேர்ந்து பல்லை மட்டும் பார்த்துக் கழுதை வாங்கியிருக்கிறது என்று விளங்கிவிட்டது. ஓடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இருபத்தொன்று முடிந்தவர்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிளெல்லின் எண் சீட்டுக் குலுக்கலில் முன்னாலேயே விழுந்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் இல்லாவிட்டால் கழுதை ஏற்றுகிற வேலை நடக்காது என்று காட்டினால் விலக்குக் கொடுப்பார்கள். அதை விசாரிக்க ஊரில் மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் மாவட்ட எழுத்தர். தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஓரின் டாக்கெட். கேள்வி கேட்பதில் ஊரிலேயே கெட்டிக்காரர் அவர்தான் என்று எல்லோரும் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்கள்.

லெம்முக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓரின் நேராகத்தான் கேட்பார். நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை என்னவென்று ஊருக்கே அவர் மூன்று வருஷமாகத் தண்டோரா போட்டிருக்கிறார். அப்போதுதான், ஐம்பத்தெட்டாவது வயதில், லெம் ஹக்கபி பொய் சொல்லக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. தினம் காலையில் கொட்டகைக்குப் போய் தெலீலாள் முன்னால் நின்று பழகிப் பார்த்தார். "அவன் இல்லாட்டி நீ ஒண்ணும் கிழிக்க மாட்டே," என்பார். சொல்லும்போதே காது மடல் சிவந்துவிடும். தெலீலாள் அவரையே பார்க்கும். "என்ன பாக்குற? நான் சொல்றது..." என்று ஆரம்பித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்து வெளியே வந்துவிடுவார்.

குதிரையிடம் முடியாவிட்டால் மனுஷியிடம் சின்னதாக ஆரம்பிப்போம் என்று தோன்றியது. அன்று மதியம் குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள் ஜெரெல்டா.

"ரொம்பச் சரியா இருக்கு."

ஜெரெல்டா ஒரு வாய் ருசித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு மெல்ல அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷத்தில் இந்த மனிதர் இவள் சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பொய்யாகச் சொன்னதில்லை. அதற்காக எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். எதற்குப் பழகுகிறார் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. எழுந்து போய், மூன்று பேருக்கும் என்று சுட்டு வைத்திருந்த பெரிய ஆப்பிள் பணியாரத்தில் பாதியை வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

விசாரணை பள்ளிக்கூட அறையில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் லெம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதுக் காலணியோடு கிளெல். சன்னல்களில் ஊர் ஜனத்தின் தலைகள். ஓரின் ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. அவர் முகமும் நன்றாக இல்லை. யாருடைய பிள்ளையையும் அனுப்புகிற வேலை அவருக்குப் பிடித்திருக்கவில்லை.

"லெம், சுத்தி வளைக்க வேணாம். நேராவே கேக்குறேன்," என்றார். "கிளெல் இல்லாம கழுதை ஏத்துற வேலை நடக்குமா, நடக்காதா?"

சன்னலில் இருமியவர்கள் இருமலை நிறுத்தினார்கள்.

லெம் எழுந்து நின்றார். கண்ணை எங்கும் ஓட்டாமல் ஓரினை நேராகப் பார்த்தார். "நடக்காது," என்றார். குரல்கூடப் பிசிறவில்லை.

ஆப்பிள் தின்னுட்டு நிக்கிறோம் என்ற பேச்சை அந்த அறையில் கேட்காதவர் யாரும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் லெம் ஹக்கபி நேருக்கு நேர் சொன்ன பதிலை மறுத்துக் கேட்கிற வழக்கம் கிடையாது. ஓரின் பெருமூச்சு விட்டு, சந்தோஷமாகவே முத்திரையைக் கையில் எடுத்தார். "லெம்மு சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு? எழுதுங்க டாக்டர், விலக்கு."

டாக்டர் பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தார். லெம் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பையனையும் ஒரு வார்த்தை கேக்கணும், விதி அப்படி," என்றார் எழுத்தர்.

"ஆமாமா, சம்பிரதாயம்," என்றார் ஓரின், முத்திரையில் மையைத் தேய்த்துக்கொண்டே. "கிளெல்லு, உங்கப்பா சொன்னது நெசந்தானே?"

கிளெல் எழுந்தான். தொப்பியை இரண்டு கையாலும் திருகினான். அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றான் கிளெல். "எல்லாம் தெலீலாள்தான் பாத்துக்குது. நான் ஆப்பிள் வச்சுக்கிட்டு நிப்பேன்."

சன்னலில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஓரின் முத்திரையை மெல்லக் கீழே வைத்தார். அதை வைப்பதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது. "உக்காருப்பா," என்றார் கிளெல்லிடம். லெம்மின் பக்கம் அவர் திரும்பவில்லை. டாக்டர் தான் எழுதியதை அடித்தார்.

திரும்பி வரும் வழியில் ஓடை வந்ததும் லெம் நின்றார்.

"ஏண்டா? ஒரு வாட்டி மாத்திச் சொன்னா நாக்கு அழுகியா போயிடும்?"

"நேரா கேட்டாங்கப்பா."

"கேட்டா? கேட்டா சொல்லிடணுமா? ஊர்ல எவனாவது..." என்று ஆரம்பிக்கும்போதே லெம்முக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு நாலு வயதில் முதல் கழுதைக்குட்டியைக் கொடுத்தபோது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நீங்க பொய் சொன்னப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன்ப்பா," என்றான் கிளெல். "நல்லாவே இல்ல. எனக்காக நீங்க அப்படி இருக்க வேணாம்."

அவனுக்கு அது இரண்டு நாள் பேச்சு.

லெம் பொய் சொன்னதைப் பற்றி ஊரில் ஒருவரும் அப்புறம் வாய் திறக்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டிருக்கிற ஊரல்ல எங்களுடையது. போன வருஷம் பாதிரியார் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததை இன்னும் விருந்துக்கு விருந்து நடித்துக் காட்டுகிறார்கள். ஆனாலும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓரின் மறுநாள் ஒரு மூட்டை ஓட்ஸை லெம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எதற்கு என்று கேட்பதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில். முப்பத்தொரு பையன்கள். பேண்டு வாத்தியம் வாசித்தது, பாதிப் பேர் ஒரு பாட்டும் மீதிப் பேர் வேறொரு பாட்டுமாக. தேவாலயத்துப் பெண்கள் வறுத்த கோழியைப் பொட்டலம் கட்டி ஆளுக்கு இரண்டாகத் திணித்தார்கள். சார்ஜென்ட் வந்து "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். பையன்கள் பெட்டி வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். முதலில் ஏற ஒருவனுக்கும் துணிவில்லை. ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள், கோழிப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார்கள். ஏறிய பாடில்லை.

"லெம்மு, போய் தெலீலாளைக் கூட்டிட்டு வாய்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். லெம்மும் சிரித்துவிட்டார், பாவம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிளெல் அம்மாவின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பெட்டிக்குள் ஏறினான். அவன் ஏறியதும் மற்ற முப்பது பேரும் அவன் பின்னாலேயே வரிசையாக ஏறிவிட்டார்கள்.

சார்ஜென்ட் கதவைச் சாத்தினார். ஜெரெல்டா திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் லெம் இல்லை. அவர் ரயிலின் பின்பக்கமாகச் சுற்றி, தண்டவாளத்தைத் தாண்டி, மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷப் பழக்கம், கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது. கோட்டுப் பையில் ஒரு ஆப்பிள் இருந்தது. அந்தப் பக்கத்துக் கதவு முன்னாலேயே சாத்தியிருந்தது.

சன்னலைத் தூக்கிவிட்டு கிளெல் தலையை நீட்டினான். "என்னப்பா, இந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

லெம் அண்ணாந்து அவனைப் பார்த்தார். மூன்று நாளாக அவர் நெஞ்சில், திரும்பி வந்துடுவியா என்று ஒரு கேள்வி இருந்தது. சோளக் கொல்லையில் இருந்தது, சாப்பாட்டு மேஜையில் இருந்தது, இப்போது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கேட்டால் இவன் பதில் சொல்வான். இவனுக்குப் பொய் சொல்ல வராது. தெரியலப்பா என்று இருந்தால் தெரியலப்பா என்றே சொல்லிவிடுவான்.

லெம் ஆப்பிளை எட்டிக் கொடுத்தார். "அங்க கழுதைங்க தண்ணிகிட்ட வந்து நின்னா அடிக்காதே," என்றார். "கொஞ்ச நேரம் நிக்க விடு."

"சரிப்பா."

ரயில் நகர்ந்தது. ஒரு கடி கடித்துவிட்டு, வாய் நிறைய ஆப்பிளோடு கிளெல் கையாட்டினான். லெம் கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை அங்கேயே நின்றார்.

ரயில் போனதும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஜெரெல்டா தனியாக நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. லெம் தாண்டி வந்தார். அவள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். இருவரும் வண்டியை நோக்கி நடந்தார்கள். வண்டியில் பூட்டியிருந்த தெலீலாள் தலையை ஆட்டி மணியடித்தது.

"அவன்கிட்ட என்ன கேட்ட?" என்றாள் ஜெரெல்டா.

"ஒண்ணும் கேக்கல."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை," என்றாள்.